மனைவிக்கு ரிவால்வர் வாங்கப் போனால்

"இது லேடீஸுக்குன்னே வந்தது சார்" என்று கடைக்காரர் எதை எடுத்து வைத்தாலும், அதை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் வீட்டம்மா கையை நீட்டட்டும். விரல் எவ்வளவு நீளம், மணிக்கட்டில் எவ்வளவு வலு, என்ன உடை உடுத்துகிறார், எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்பதற்கெல்லாம் பிறகுதான் எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியே வருகிறது. நாங்கள் பார்த்த ஐந்து கைத்துப்பாக்கிகளையும், அவற்றில் கடைசியில் வாங்கிய ஒன்றையும் பற்றி எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைச் சுட்டதைவிடக் கழற்றி மாட்டியதுதான் அதிகம். என் மனைவி மன்னார்குடியில் நகை அடகுக்கடை நடத்துகிறாள். கடை என் மாமனார் ஆரம்பித்தது. டெல்டாவில் இந்தத் தொழில் ஆற்றுத் தண்ணீரோடு ஓடுவது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே குறுவைச் செலவுக்கு நகைகள் கடைக்குள் வரும், பணம் வெளியே போகும். தை அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வந்ததும் நகைகள் திரும்பிப் போகும், பணம் உள்ளே வரும். இரண்டு பருவத்திலும் கடைக்கும் வங்கிக்கும் நடுவே ஒரு பை போய் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பையைக் கொண்டு போகிறவள் அவள்தான். நான் கணக்குப் பக்கம் போவதில்லை.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனாரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய .32 ரிவால்வர் (குழலின் துளை சுமார் 0.32 அங்குலம்) ஒன்று லைசென்ஸோடு இருந்தது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ, 70 வயது ஆகிவிட்டாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ அதை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். மாமனார் காலமான பிறகு மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, இவள் விண்ணப்பித்தாள். திருவாரூர் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் டாக்டர் சான்றிதழ் என்று எல்லாப் படியும் உண்டு. வாரிசு என்பதால் எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்கிறவருக்கு இன்னும் கடினம். உயிருக்கு என்ன ஆபத்து, ஏன் வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஒன்றை மட்டும் ஆண்கள் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் அவள் பெயரில் இருந்தால் துப்பாக்கி அவளுடையது. புருஷன் என்பதற்காக அதை இடுப்பில் சொருகிக்கொண்டு நான் தனியாகத் தெருவில் இறங்கினால் அது ஆயுதச் சட்டப்படி குற்றம். பட்டாளத்தில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பிரித்து மேய்ந்தவன் நான். வீட்டில் அந்தப் பெட்டியின் சாவி என்னிடம் கிடையாது. எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய நகைச்சுவை வேறு இல்லை.

மாமனாரின் ரிவால்வரையே வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். 1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே அநியாய விலை. பலரும் அதைக் குலதனம் மாதிரி பாதுகாக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது சிலிண்டரின், அதாவது தோட்டாக்கள் இருக்கிற உருளையின், ஆட்டத்தை. தோட்டாவை அடிக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சிலிண்டரை விரலால் அசைத்தால் அது மயிரிழைக்கு மேல் அசையக் கூடாது. இதில் நன்றாகவே அசைந்தது. தோட்டா இருக்கும் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காவிட்டால் ஈயம் பக்கவாட்டில் சிதறும். சுடுகிறவர் கையிலும் பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் அது தெறிக்கும். வயதான பொருள், அதற்கு மேல் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி 45 நாள் முன்னறிவிப்பு கொடுத்து அதை விற்றுவிட்டோம்.

சரி, புதிது வாங்க வேண்டும். எங்கே பார்த்தாலும் 9 எம்எம்தான் சிறந்தது என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிலர் கடைக்குப் போகிறார்கள். நம் நாட்டில் 9 எம்எம் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .38, .455 ஆகியவையும் அப்படித்தான். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32, அதற்குக் கீழே .22. ரிவால்வரில் போடுகிற .32 தோட்டா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பழைய வடிவமைப்பு. 9 எம்எம் தோட்டாவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே எந்த மாடல் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தோட்டாவில் வராது. கைப்பிடியிலும் ட்ரிகரிலும் எடையிலும்தான் வரும்.

திருச்சிக்குப் போனோம். நவல்பட்டில் 1966லிருந்தே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் அது ராணுவத்துக்கும் போலீசுக்கும் ரைபிள் செய்கிற இடம். நாம் வாங்கப் போகிற ரிவால்வர்கள் கான்பூரிலிருந்து வருகின்றன. முதலில் நுழைந்த கடையில் பேச்செல்லாம் என்னிடம்தான். லைசென்ஸ் புத்தகம் இவள் கையில், பணம் இவளுடையது, ஆனால் ரிவால்வரை என் பக்கமாகவே நீட்டினார்கள். "மேடத்துக்கு வெயிட்டே தெரியாது சார்" என்று என்னிடம் சொன்னார் விற்பனையாளர். மேடம் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் ஒன்றும் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது கடையில் இருந்த பெரியவர் லைசென்ஸைப் படித்துவிட்டு, "நீங்க உட்காருங்கம்மா, வலது கையா இடது கையா?" என்று அவளிடம் கேட்டார். எனக்கு ஒரு டீ வரவழைத்ததோடு சரி. நான் கடை மதிப்பீடு செய்வதாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே முழு மதிப்பெண்.

கடைகளில் சுட்டுப் பார்த்து வாங்கும் வசதி கிடையாது. காலித் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவே. ஆகவே வாங்கும் முன்பு ரைபிள் கிளப் பக்கம் யாரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சியில் நடந்து, நடிகர் அஜித் வந்து சுட்டதிலிருந்து இங்கே அந்த விளையாட்டுக்குக் கொஞ்சம் மவுசு. என் பழைய பட்டாள நண்பர்கள் மூலம், உரிமம் உள்ளவர்கள் உடனிருக்க, ரேஞ்சில் முறைப்படி இவள் சுட்டுப் பார்த்தாள். காதுக்கவசம் இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம்.

முதலில் நிர்பீக். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய .32 ரிவால்வர். டைட்டானியம் உலோகக் கலவை, எடை 500 கிராம், ஆறு ரவுண்டு. அப்போதைய விலை 1,22,360 ரூபாய். கையில் வாங்கியதும் இவள் முகம் மலர்ந்தது உண்மை. அரைக் கிலோதான், பையில் போட்டால் தெரியவே தெரியாது. இன்னொரு நல்ல விஷயமும் உண்டு, டைட்டானியம் துருப்பிடிக்காது. நம் ஊர்க் காற்றுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் ரேஞ்சில் கதை மாறியது. தோட்டா அதேதான், அது பின்னால் தள்ளுகிற தள்ளும் அதேதான். துப்பாக்கியின் எடை குறைந்தால் அந்தத் தள்ளல் முழுக்கக் கைக்கு வரும். முதல் குண்டு போர்டில் பட்டது. அடுத்தது மேலே ஏறியது, அதற்கடுத்தது இன்னும் மேலே. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "இது உதைக்குதுங்க" என்றாள். .32 என்பது பெரிதாக உதைக்கிற தோட்டாவே கிடையாது. இருந்தாலும் ஐம்பதைக் கடந்த, கட்டைவிரல் மூட்டில் வலி உள்ள ஒரு கைக்குப் பழைய மாடலின் 700 கிராமும் இதன் 500 கிராமும் ஒன்றில்லை.

உதைப்பைவிடப் பெரிய விஷயம் ட்ரிகர். சுத்தியலை முன்பே பின்னுக்கு இழுத்து வைக்காமல், ட்ரிகரை மட்டும் ஒரே இழுப்பாக இழுத்துச் சுடுவதைத்தான் டபுள் ஆக்ஷன் என்பார்கள். ஆபத்து நேரத்தில் எல்லோரும் அப்படித்தான் சுடுவார்கள். எந்த ரிவால்வரிலும் அந்த இழுப்பு கனமானது. பொதுவாக நாலைந்து கிலோ வரும். அரைக் கிலோ எடையுள்ள பொருளின் மேல் ஐந்து கிலோ இழுப்பைப் போட்டால், குழலின் வாய் ஆடாமல் என்ன செய்யும்? வலுவான மணிக்கட்டு அதைத் தாங்கும். இலேசான துப்பாக்கி வலுவான கைக்குத்தான் ஏற்றது. பெண்களுக்கு என்று சொல்லி எடையைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். சுமக்க வசதி, சுட வசதி இல்லை. தினமும் சுமப்பதுதான் முக்கியம், சுடுவது எப்போதோ என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எப்போதோவுக்காகத்தானே ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்கிறோம்?

வீட்டம்மா கைக்கு எது பொருந்தும் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். துப்பாக்கி காலிதானா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்ப வேண்டாம். கைப்பிடியைப் பிடிக்கும்போது குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் படிய வேண்டும். எட்டவில்லை என்று கையைச் சுற்றிப் பிடித்தால் அந்த மாடல் அவருக்கு வேண்டாம். எட்டினால், குழலின் மேல் முன்குறிக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ட்ரிகரை மெதுவாகக் கடைசிவரை இழுக்கச் சொல்லுங்கள். நாணயம் விழாமல் தொடர்ந்து இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை யாராலும் முடியும். எட்டாவது, பத்தாவது தடவையில் விரல் நடுங்க ஆரம்பிக்கும்போதுதான் உண்மை தெரியும். மோதிரத்தைக் கழற்ற வேண்டாம், வளையலையும் கழற்ற வேண்டாம். தினமும் எப்படி இருக்கிறாரோ அப்படியே பிடித்துப் பார்க்கட்டும்.

அசானி பிஸ்டல் கொல்கத்தா பக்கத்துத் தயாரிப்பு, மேகசீன் (தோட்டா அடுக்கிய சின்னப் பெட்டி) போட்டுச் சுடுவது. தட்டையாக இருப்பதால் மறைத்து வைக்க ரிவால்வரைவிட நல்லது. சிலிண்டர் புடைப்பு கிடையாது. தோட்டாவை அறைக்குள் ஏற்ற மேலே நகர்கிற பாகமான ஸ்லைடைப் பெண்களால் இழுக்க முடியாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடது கையால் ஸ்லைடை இறுகப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளினால் வந்துவிடும். இவளும் செய்துவிட்டாள். நான் தயங்கியது வேறு காரணத்துக்காக. மேகசீனைக் கழற்றிய பிறகும் பிஸ்டலின் அறைக்குள் ஒரு ரவுண்டு இருக்கலாம். பட்டாளத்தில் நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் காலி என்று நினைத்த துப்பாக்கியால் நடந்தவை. நாள் முழுக்க நகையை உரசிப் பார்த்து, நிறுத்து, சீட்டு எழுதி, கணக்கு முடித்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் காலி செய்கிறவளுக்கு, மறப்பதற்கு இடமே இல்லாத பொருள் வேண்டும். பயிற்சியைத் தொடர்ந்து செய்கிற இளம் ஜோடிக்கு அசானி சரி. இதன் தோட்டா வேறு, ரிவால்வர் தோட்டா வேறு. இரண்டும் .32 என்றாலும் கலக்கக் கூடாது.

நிடார் என்று .22 ரிவால்வர் ஒன்று உண்டு, 250 கிராம். இவள் அதைப் பிடித்தபோது கீழ் இரண்டு விரல்களுக்குப் பிடிக்க இடமே இல்லை. "பேரனுக்கு வாங்கினதா?" என்று கேட்டாள். மேற்கொண்டு பேசவில்லை.

பிரபல் மாடல் 2023 ஆகஸ்டில் வந்தது. .32தான், குழல் 76 மில்லிமீட்டர், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். இதற்கு முன் கான்பூரிலிருந்து வந்த .32 ரிவால்வர்கள் நடுவில் மடித்துத் திறப்பவை. எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. சட்டகம் ஒரே துண்டாக இருக்கும், கீல் கிடையாது, கீல் தேய்ந்து ஆடுகிற பேச்சே இல்லை. மாமனாரின் ரிவால்வர் எனக்கு ஞாபகத்தில் இருந்ததால் இதையே வாங்கலாம் என்றேன்.

இவள் கேட்கவில்லை. பழைய மார்க் 3 மாடலைத் தேர்ந்தெடுத்தாள். 700 கிராம், மூன்று அங்குலக் குழல், மடித்துத் திறப்பது. காரணம் கேட்டேன். பக்கவாட்டில் திறப்பதில் பட்டனைத் தள்ளி, சிலிண்டரைத் தள்ளி, பிறகு கம்பியைத் தள்ளி ரவுண்டை எடுக்க வேண்டும், மூன்று வேலை. இதில் மேலே இருக்கும் தாழ்ப்பாளை அழுத்தி மடித்தால் ஆறும் ஒரே நேரத்தில் மேலெழும்பி வெளியே வந்துவிடும். காலியா இல்லையா என்று வீட்டின் மறுகோடியில் நிற்கிறவருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்பா அப்படித் திறப்பதைப் பார்த்தவள் வேறு. கீல் தேய்வதைச் சொன்னேன். "நாம என்ன நாளைக்கு நூறு ரவுண்டா சுடப் போறோம்?" என்றாள். அவள் கணக்கு சரிதான். .32 அழுத்தம் குறைந்த தோட்டா. வருஷத்துக்குக் கொஞ்சம் ரவுண்டுகள் சுடுகிற துப்பாக்கியில் அந்தக் கீல் எங்கள் இருவருக்கும் பிறகும் இருக்கும். நாணயச் சோதனையிலும் அவள் கையில் மிகக் குறைவாக ஆடியது இதுதான். வாங்கிவிட்டோம்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி: இதை எங்கே வைப்பது? வெளிநாட்டுக்காரர்கள் பெல்ட் என்கிறார்கள், ஜீன்ஸ் என்கிறார்கள். சேலையில் பெல்ட் ஏது? பாவாடை நாடா 700 கிராமைத் தாங்காது, சரிந்துவிடும். எல்லோரும் சொல்கிற வழி கைப்பை. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. வண்டியில் போகிறவளிடம் திருடன் பறிப்பது எதை? பையைத்தான். பணமும் துப்பாக்கியும் ஒரே பையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டிய பை அவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது. விதி தெளிவாக இருக்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கான பையிலோ முழுவதும் மூடியிருக்க வேண்டும், கொண்டு போகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நம் ஊரில் மறைத்து எடுத்துச் செல்வது வசதிக்காக மட்டும் கிடையாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

வழி சேலையிலேயே இருந்தது. முந்தானை இடது தோளில் ஏறுகிறது இல்லையா? அது இடது இடுப்பின் முன்பக்கத்தை மூடிக்கொண்டுதான் மேலே போகிறது. அங்கே உறையைக் குறுக்காக வைத்தால் வெளியே ஒரு சின்ன மேடுகூடத் தெரியாது. வலது கை முந்தானைக்கு அடியில் நேராகப் போய்விடும். மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரரிடம் ஆறு விரற்கடை அகலத்துக்குக் கனத்த கேன்வாஸ் துணியில் இடுப்புப் பட்டை தைத்தோம், முன்பக்கம் ஒட்டுகிற பட்டையோடு. பாவாடையின் மேல் இறுகக் கட்டிக்கொண்டு, அதன்மேல் சேலை. கொசுவம் அதில் சொருகாமல் வழக்கம்போல் பாவாடையிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கும்போது சேலையே கையோடு வந்துவிடும். முந்தானைக்குத் தோளில் பின் கட்டாயம்.

துணிப்பட்டை மட்டும் போதாது. துணிக்குள் வெறுமனே சொருகினால், வெளியிலிருந்து எது அழுத்தினாலும் ட்ரிகர் நகரலாம். ட்ரிகர் வளையத்தை முழுக்க மூடுகிற தோல் உறை உள்ளே இருக்க வேண்டும், மேலே ஒரு வார்ப்பட்டையும் பட்டனும். மரத்தில் அதே அளவுக்கு ஒரு மாதிரி செதுக்கி, நனைத்த தோலை அதன்மேல் படிய வைத்து, செருப்பு தைக்கிற ஒருவரே தைத்துக் கொடுத்தார். கடையில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்கிற ரெக்சின் உறைகளைவிட இது எவ்வளவோ மேல். அடகுக்கடையில் இவள் கால் மடித்து மெத்தையில் உட்கார்கிறவள். வலது இடுப்பில் வைத்தபோது குழல் தொடையில் குத்தியது. இடது முன்பக்கம் குறுக்காக வைத்ததும் அந்தத் தொல்லையும் போய்விட்டது. சல்வார் போடுகிறவர்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும், எனக்கு அதில் அனுபவம் இல்லை.

எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கோயில், பள்ளிக்கூடம், நீதிமன்றம், கல்யாண மண்டபம் எதுவும் வேண்டாம். பங்குனியில் ராஜகோபாலசுவாமி திருவிழா நடக்கிற 18 நாளும், முக்கியமாக வெண்ணெய்த்தாழி அன்று, அது பெட்டிக்குள்தான். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் திருநள்ளாறுக்குப் போகும்போது கொண்டு போக முடியாது, அது காரைக்கால், புதுச்சேரி. நன்னிலம் தாண்டி பஸ்ஸில் போகும்போது எல்லை எப்போது வந்தது என்றே தெரியாது, ஆகவே சொல்கிறேன்.

எப்போது சுடலாம் என்பதை அவளுக்கு வக்கீல் ஒருவரை வைத்தே விளக்கச் சொன்னேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது, அதிலும் தற்காப்பு உரிமை முன்பு போலத்தான். உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும். வழிப்பறிக் கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுவது போன்றவையும் வரும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் ஓடுகிறவன் முதுகில் சுட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்தான். பையை விட்டுவிடு, நகைக்குக் காப்பீடு இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, அது எனக்குத் தெரியாதா என்றுதான் பதில் வந்தது.

பராமரிப்பு என் துறை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். முத்துப்பேட்டைப் பக்கம் உப்புக் காற்று, மன்னார்குடியில் ஐப்பசி கார்த்திகை முழுக்க ஈரம், மார்கழியில் பனி. எஃகுத் துப்பாக்கிக்கு இதைவிட மோசமான ஊர் அதிகம் இல்லை. தோல் உறைக்குள்ளேயே இரவு முழுக்க வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காலையில் உறை படிந்த இடமெல்லாம் செம்புள்ளி. உடம்போடு ஒட்டிக் கொண்டு போவதால் வியர்வையும் சேரும். வியர்வையின் உப்பு, மழைத் தண்ணீரைவிட மோசம். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து சிலிண்டரை இறுக்கிவிடும். சுத்தியலுக்கும் ட்ரிகருக்கும் உள்ளே எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வழிந்து தோட்டாவின் அடிப்பகுதிக்குப் போனால் சுடும்போது வெடிக்காமல் போகலாம். சுமந்து திரிகிற ஆறு ரவுண்டுகளை வருஷத்துக்கு ஒரு தடவை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள். பயிற்சியும் ஆச்சு. மற்ற நாட்களில் காலித் துப்பாக்கியில் போலித் தோட்டா போட்டு, உறையிலிருந்து எடுப்பதையும் ட்ரிகர் இழுப்பையும் பழகலாம். நீங்கள் பழகுகிற அறையில் நிஜத் தோட்டாவே இருக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில்.

தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் நடுவில் நடத்தை விதிகள் வந்து ஜூன் 4 முடிவு வரை, கோடையின் முக்கால்வாசி போய்விட்டது. ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, துப்பாக்கியின் வரிசை எண் சரியா என்று பார்த்து ரசீது வாங்குங்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலும் வைக்கலாம். எப்படியும் அந்த மாதங்களில் பணப்பைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். நாங்கள் வங்கிக்குப் போகும் நேரத்தை மாற்றி, இரண்டு ஆளாகப் போனோம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வாங்கியபோது ரிவால்வருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

மார்க் 3க்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கைப்பிடித் தகடு இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்திருக்கலாம், சித்திரை வெயிலில் வியர்த்த கைக்கு வழுக்குகிறது. மாடலைத் தாண்டி அவளுக்கு இருக்கிற ஒரே புகார் தோல் உறையின் பட்டன்: கண்ணாடி வளையல் போட்ட நாளில் அது வளையலில் சிக்குகிறது. கட்டைவிரலால் உள்பக்கமாகத் தள்ளித் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள், உறை இப்போது தைக்கிறவரிடம் இருக்கிறது.